கிளேடு: ‘வகையறா’வா, ‘முழுக்கிளை’யா?

வணக்கம்.

சிவப்புக் கடற்பாசிகளை மரபணு வரிசை கொண்டு வகைப்படுத்தும் செய்முறைக் கையேட்டில் ‘பிரைமர்’ தொடக்கி ஆயிற்று, ‘அலைன்மென்ட்’ வரிசைப்பொருத்தம் ஆயிற்று. ‘கிளேடு’ மட்டும் நிற்கிறது. ஒரு மூதாதையும் அதன் வழிவந்த அத்தனையும் ஒன்று விடாமல் சேர்ந்த தொகுதி அது. ‘வகையறா’ என்று வைக்கலாமா? மதுரைப் பக்கம் கோயில் கும்பிட்டுக்குத் தலைக்கட்டு வரி போடும்போது ‘இன்னார் வகையறா’ என்றால் அந்தப் பாட்டன் வழிவந்த எல்லா வீடும் அடக்கம். ஒரு வீட்டை விட்டாலும் பங்காளிகள் ஒப்பமாட்டார்கள்.

- - -

> ‘வகையறா’ என்று வைக்கலாமா?

ஐயா, பொருள் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் பத்திரத்திலும் வழக்குத் தலைப்பிலும் வகையறா என்றால் ‘முதலானோர்’. கிராசிலேரியா என்னும் சிவப்புப் பாசிப் பேரினத்தைக் குறித்து ‘கிராசிலேரியா வகையறா’ என்று அச்சிட்டால் ‘கிராசிலேரியாவும் அதுபோன்ற பிறவும்’ என்றுதான் மாணவர் படிப்பார். கிளேடு எதை விலக்குகிறதோ அதையே இந்தச் சொல் உள்ளே விட்டுவிடும்.

இன்னொன்று, கிளேடு ஆகாதவற்றுக்கும் பெயர் வேண்டுமே. போர்ஃபைரா என்ற சிவப்புப் பாசிப் பேரினத்தைப் பாருங்கள். இலைபோல் தட்டையானதெல்லாம் போர்ஃபைரா, இழைபோல் இருப்பதெல்லாம் பேங்கியா என்று உருவத்தை வைத்துப் பிரித்திருந்தார்கள். ஆர்பிசிஎல் என்ற மரபணுவின் வரிசையும் உட்கரு மரபணு வரிசையும் வந்தபோது இழைகள் இலைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தன. 2011இல் பேரினங்களைப் பிரித்து, ஜப்பானியர் உண்ணும் நோரிப் பாசியைப் பைரோபியா ஆக்கினார்கள். அந்தப் பழைய போர்ஃபைராவை என்னவென்று சொல்வது?

என் முன்மொழிவு: கிளேடு முழுக்கிளை. வழிவந்தவற்றில் சிலதை விட்டுவிட்ட தொகுதி குறைக்கிளை. வெவ்வேறு கிளைகளிலிருந்து தோற்ற ஒற்றுமைக்காகச் சேர்த்துக் கட்டியது ஒட்டுக்கிளை. தமிழில் கிளை என்பது மரத்தின் கொப்பும்தான், உறவும்தான்.

- - -

ஒப்புக்கொள்கிறேன், அம்மா. ஒரு குறிப்பு மட்டும் சேர்க்க வேண்டும். தென்மாவட்டங்களில் சில சமூகங்களில் கிளை தாய்வழியில் வருவது. இங்கே அது உதவியும் செய்யும், வழுக்கியும் விடும். ஆர்பிசிஎல் மரபணு பசுங்கணிகத்தில், காக்ஸ்1 மரபணு மைட்டோகாண்ட்ரியாவில். சிவப்புப் பாசிகளில் இரண்டும் பெரும்பாலும் தாய்வழிச் சொத்து. இவற்றை மட்டும் வைத்து வரைந்த மரத்தில் கலப்பினம் தெரியாது, தாயின் கிளையில் போய் நிற்கும். ஆகவே ‘காக்ஸ்1 மரத்தில் முழுக்கிளை’ என்று மரபணுவைச் சொல்லியே எழுத வேண்டும்.

பொய்யான முழுக்கிளை எங்கே முளைக்கிறது என்பதையும் அதே பக்கத்தில் விளக்கிவிடலாம். ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் கரையில் எடுத்த கஞ்சிப்பாசி என்கிற கிராசிலேரியாவின் மேல் வேறு சிறு பாசிகள் ஒட்டியிருக்கும். உருப்பெருக்கியில் பார்த்துத் துலக்காமல் அரைத்தால் ஒட்டுப்பாசியின் வரிசைதான் வரும். சுத்தமான நுனி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் போதும், எடையில் பத்து மடங்கு சிலிக்கா ஜெல்லில் உடனே உலர்த்த வேண்டும். ஃபார்மலினில் போட்டால் டி.என்.ஏ. சிதைந்துவிடும். அதே செடியின் மீதியை அழுத்தி உலர்த்திச் சான்று மாதிரியாக வைக்காவிட்டால், பின்னால் பெயர் தவறென்று தெரிந்தாலும் திருத்த வழியில்லை.

அடுத்த தொல்லை பசை. ஜிகர்தண்டாவில் போடுகிற கடல்பாசி இருக்கிறதே, அந்த அகார்தான் டி.என்.ஏ.வோடு சேர்ந்து படிந்து, டி.என்.ஏ. துண்டைப் பெருக்கும் பி.சி.ஆரைத் தடுக்கிறது. பெருகியதைக் காட்டும் பட்டை ஜெல்லில் விழவில்லை என்றால் மாணவர்கள் டி.என்.ஏ.வைக் கூட்டுகிறார்கள், பசையும் கூடும். பத்தில் ஒரு பங்காக நீர்க்கச் செய்தால் பெரும்பாலும் விழும். காக்ஸ்1 துண்டு 664 எழுத்து, இருபுறமிருந்தும் படிக்க வேண்டும்.

> ஒட்டுக்கிளை

இதில் மட்டும் தயக்கம். ஒட்டுப்பாசி என்று மேலே எழுதியிருக்கிறோம், இரண்டும் குழம்பும். ‘கதம்பக்கிளை’ என்றால்?

- - -

கதம்பக்கிளை நன்றாக இருக்கிறது, ஐயா. அதையே வைத்துக்கொள்வோம். வரையறையில் வேரைச் சேர்க்க மறக்க வேண்டாம்: கிராசிலேரியாவுக்குக் கிராசிலேரியாப்சிஸ் போல ஓர் அயற்குழுவை, அதாவது தொகுதிக்கு வெளியே நிற்கும் உறவுப் பாசியை, வைத்து வேர் குறிக்காத மரத்தில் முழுக்கிளை எது, குறைக்கிளை எது என்று சொல்லவே முடியாது. வரிசைத் தரவை ஆயிரம் முறை மறுமாதிரி எடுத்து மரம் வரைந்ததில், அந்தக் கிளை திரும்பத் தோன்றும் விழுக்காடான தாங்குமதிப்பு 70க்குக் கீழே நின்றால், முழுக்கிளை என்று பெயர் சூட்ட வேண்டாம்.