கட்டாக்காலி மாட்டை வெட்டினால் 100 ரூபாதானா?

பட்டிக்காரன்:
நேற்று ஒருவர் எழுதியிருந்தார்: மிருகவதைக்குச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறதாம், இன்னும் இறுக்கினால் வன்னியில் வயல் செய்ய ஏலாதாம். நல்ல கதை. இலங்கையில் இருப்பது 1907ஆம் ஆண்டுச் சட்டம். கூடியபட்சத் தண்டம் 100 ரூபா. ஒரு றாத்தல் பாணுக்கும் காணாது.

குளக்கட்டு:
எழுதியது நான்தான், நேரடியாகவே திட்டலாம். மூன்று மாதச் சிறையும் அதில் இருக்கிறதே, அதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்?

பட்டிக்காரன்:
சிறைக்குப் போன ஒருவரைக் காட்டுங்கள் பார்ப்போம். 100 ரூபா ஐயா, 100 ரூபா! என் சினைமாடு ஒன்று பின்னங்காலில் கத்தி வெட்டோடு வந்தது. காயத்துக்குள் புழு நெளிந்தது. வேப்பெண்ணெய் விட்டும் எழும்பவில்லை.

குளக்கட்டு:
கதிர் வரும் நேரம் பட்டியை இரவில் அவிழ்த்துவிடுவது யார் பிழை? என் நெல்லுக்கு யார் நட்டஈடு தந்தது?

ஒட்டுசுட்டான் பிள்ளை:
இரண்டு பேரும் மாட்டோடேயே நிற்கிறீர்கள். காட்டுப்பன்றிக்கென்று தீனிக்குள் மறைத்து வைக்கும் பன்றி வெடியைக் கடித்து வாய் சிதறி, தின்ன முடியாமல் சாகும் யானைகள்? புதுச் சட்டத்தைச் சட்ட ஆணைக்குழு 2006இல் வரைந்தது. 2016இல் அமைச்சரவையும் ஓம் என்றது. அப்புறம்?

குளக்கட்டு:
தங்கச்சி, யானை வந்து உங்கள் வாழையையா முறிக்கிறது? கொழும்பில் இருந்துகொண்டு சொல்வது லேசு.

ஒட்டுசுட்டான் பிள்ளை:
பெயரை வாசியுங்கள் அண்ணை. ஒட்டுசுட்டான் வன்னிக்குள்தான் இருக்கிறது.

சும்மா ஒருவன்:
தண்டனைச் சட்டக்கோவையில் மாட்டை ஊனமாக்குவது தனிக் குற்றம். 100 ரூபா என்று கத்த முதல் அதையும் பாருங்கள்.

பட்டிக்காரன்:
அது உடைமைக்குச் செய்த நட்டம். றோட்டு நாய்க்கு உடையவன் யார்? அதற்கு அந்த 100 ரூபாதான்.

குளக்கட்டு:
மாட்டிலிருந்து நாய்க்குத் தாவியாச்சு!

பட்டிக்காரன்:
மேய்ச்சல் தரை எங்கே, சொல்லுங்கள். காட்டுக்குள் விட்டால் வழக்கு, றோட்டில் படுத்தால் லொறி, வயலில் இறங்கினால் கத்தி.

குளக்கட்டு:
மேய்ச்சல் தரையைக் கச்சேரியில், மாவட்டச் செயலகத்தில் போய்க் கேளுங்கள். என் கத்தியை ஏன் பார்க்கிறீர்கள்?

பட்டிக்காரன்:
ஓகோ, உங்கள் கத்தியா?

குளக்கட்டு:
பேச்சுக்குச் சொன்னதைத் திரிக்காதீர்கள். மாட்டுவண்டிச் சவாரியில் ஆணிக்கம்பால் குத்தி ஓட்டும்போது இந்த இரக்கம் எங்கே போனது?

ஒட்டுசுட்டான் பிள்ளை:
பன்றி வெடிக்கு இன்னும் பதில் வரவில்லை.

பட்டிக்காரன்:
சவாரி வேறு, வெட்டு வேறு. அதைத் தனியாக எழுதுங்கள், வந்து கிழிக்கிறேன்.