மஞ்சள் பூத்த ஹெட்லைட்: தேய்ப்பதா, மாற்றுவதா?

கொடிகாமத்தான்:
என்னிடம் இருப்பது 2007ஆம் ஆண்டு ஜப்பான் கார். இரண்டு ஹெட்லைட்டும் துடைக்காத லாம்புச் சிமினி போல மஞ்சளித்து மங்கிவிட்டன. போன கிழமை கிளிநொச்சியிலிருந்து இரவு திரும்பினோம். ஆனையிறவு தாண்டியதும் நடுவீதியில் ஒரு கட்டாக்காலி மாடு படுத்திருந்தது. ஒரு லொறி நீளம் இருக்கும்போதுதான் அது என் கண்ணில் பட்டது. பின்னால் பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து இருட்டிய பிறகு காரைத் தொடவில்லை. ஒரு சேவிஸ் நிலையத்தில் தேய்த்துத் தர 6,000 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? இல்லை, விளக்கையே மாற்றிவிடுவதா?

சுன்னாகம் வாசி:
கொடுக்காதீர்கள். நான் இரண்டு முறை கொடுத்து ஏமாந்தவன். தேய்த்த அன்று பளிங்கு போல இருந்தது. நான்காம் மாதமே முன்பைவிட மோசமாக மஞ்சளித்தது. மறுபடி கொண்டுபோனால் மறுபடி காசு கேட்டார்கள். கடைசியில் கொழும்புக்குப் போய், பஞ்சிகாவத்தையில் ஜப்பானிலிருந்து கழற்றி வந்த விளக்குச் சோடி ஒன்றை வாங்கிப் பூட்டினேன். மூன்று ஆண்டுகளாகத் தெளிவாகவே இருக்கின்றன. நம் ஊர் வெயிலுக்குத் தேய்ப்பு வேலை தாங்காது.

பெயின்ற் வேலைத் தம்பி:
சுன்னாகம் அண்ணா, உங்களுக்குச் செய்தவர்கள் பாதி வேலையோடு விட்டிருக்கிறார்கள். இதை நான் பதினொரு வருடமாகச் செய்கிறேன், அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஹெட்லைட்டின் முகப்பு கண்ணாடி இல்லை. பொலிகார்பனேற் என்ற பிளாஸ்டிக். கல் தெறித்தாலும் இலகுவில் உடையாது. ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிரை அதனால் தாங்க முடியாது, கீறலும் விழும். அதற்காகத்தான் தொழிற்சாலையிலேயே மேலே ஒரு கெட்டியான காப்புப் பூச்சு கொடுக்கிறார்கள். வெயிலில் முதலில் சாவது அந்தப் பூச்சுத்தான். செத்ததைச் சுரண்டி எடுக்க, 800இல் தொடங்கி 1200, 2000, 3000 என்று வரவர நைசான வோட்டர் பேப்பரை (உரசுதாளை) தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிறோம். ஒவ்வொரு இலக்கத்துக்கும் கையின் திசையை மாற்ற வேண்டும், அப்போதுதான் முந்திய கீறல் போய்விட்டதா என்று தெரியும். முதலில் மஞ்சளாக வழியும் தண்ணீர், பழைய பூச்சு முழுவதும் போனதும் பால் போல வெள்ளையாகும். அதுவரைக்கும் நிறுத்தக் கூடாது.

பிறகு பொலிஷ் போட்டால் பளபளக்கும். பலர் அதோடு காசை வாங்கிக்கொள்கிறார்கள். அந்த நேரத்தில் பிளாஸ்டிக் உடுப்பில்லாமல் வெயிலில் நிற்கிறது! நான்கு மாதத்தில் மஞ்சளிக்காமல் என்ன செய்யும்? புற ஊதாவைத் தடுக்கும் கிளியர் என்ற நிறமற்ற பூச்சை அடித்தால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம். இறுக வைக்கும் ஹாட்னர் கலந்து அடித்த கிளியர் ஆண்டுக்கணக்கில் நிற்கிறது.

மட்டுவில் அக்கா:
இவ்வளவு பாடு எதற்கு? பற்பசை போட்டுத் துணியால் தேய்த்தேன், நன்றாகவே தெளிந்தது. நுளம்பு விரட்டும் திரவம் அதைவிட விரைவாக வேலை செய்யும் என்றும் சொல்கிறார்கள்.

பெயின்ற் வேலைத் தம்பி:
அக்கா, பற்பசையில் உள்ள நுண்துகள் மேல் மங்கலைக் கொஞ்சம் உரசி எடுக்கும், சில கிழமை நிற்கும். அதில் ஆபத்தில்லை. நுளம்பு மருந்தை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். அதிலுள்ள டீட் என்ற இரசாயனம் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பையே இளக வைக்கும். இளகி வழவழப்பாவதைத்தான் தெளிவு என்று நினைக்கிறோம். பெற்றோல், தின்னர் இரண்டும் அதைவிடக் கேடு, நுண்வெடிப்பு விழுந்துவிடும். கோப்பையில் திரவத்தைச் சூடாக்கி ஆவி பிடித்துத் தெளிய வைக்கும் முறையும் வந்திருக்கிறது. அந்த ஆவியைச் சுவாசிப்பது உடம்புக்கு நஞ்சு. வீட்டில் செய்ய வேண்டாம்.

சுன்னாகம் வாசி:
தம்பி, ஹாட்னர் கலந்த கிளியர் என்று எளிதாகச் சொல்கிறீர்கள். அதில் ஐசோசயனேற் என்ற, நுரையீரலைக் கெடுக்கும் இரசாயனம் இருக்கிறது. துணி முகமூடி போட்டுக்கொண்டு வீட்டு முற்றத்தில் அடிக்கிற பொருளா அது? இந்த மனிதருக்கு முதலில் பாதுகாப்பு வேண்டும். மாற்றிவிட்டால் ஒரே நாளில் கதை முடிந்தது.

பெயின்ற் வேலைத் தம்பி:
அந்த எச்சரிக்கை சரியானது. தகுந்த சுவாசக் கவசம் இல்லாத எவரும் அதை அடிக்கக் கூடாது. தேய்ப்பதை வீட்டில் செய்துவிட்டு, கிளியரை மட்டும் அடித்துத் தரச் சொல்லி வருகிறவர்கள் என்னிடம் இருக்கிறார்கள். புற ஊதா தடுக்கும் ஒளிபுகும் படலம் ஒட்டுவதும் ஒரு வழி.

ஓய்வுபெற்ற சாரதி:
முப்பது ஆண்டுகள் பஸ் ஓட்டியவன் நான். எங்கள் காலத்து விளக்குகளுக்குக் கண்ணாடி முகப்பு. உடைந்தாலும் உடையும், மஞ்சளிக்காது. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் தொடங்கியது. அதனால் நம் வீதிகளில் ஓடுபவை பெரும்பாலும் வயதான வண்டிகள். அமெரிக்காவின் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கம் 2018இல் பரிசோதித்தபோது, மங்கிய முகப்புகள் புதிய விளக்கின் ஒளியில் ஏறத்தாழ 20 சதவீதத்தைத்தான் தந்தன. தேய்த்துச் சீராக்கியதும் 70 சதவீதம் அளவுக்கு மீண்டது. மாட்டை ஏன் பிந்திக் கண்டீர்கள் என்பதற்கு அந்தக் கணக்கே பதில்.

இன்னொன்று. வெளிச்சம் போதவில்லையென்று 60/55 வாட் பல்புக்குப் பதிலாக 100 வாட் போடாதீர்கள். உள்ளே இருக்கும் பிரதிபலிப்பான் வெந்துபோகும். விளக்கு மாற்றுவதென்றால் இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்குரியதா என்று பாருங்கள். ஜப்பானும் நம்மைப் போல இடப்பக்கம். வலப்பக்கம் ஓட்டும் நாட்டு விளக்கைப் பூட்டினால் எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும்.

கொடிகாமத்தான்:
எல்லோருக்கும் நன்றி. ஐயா, பல்பு மாற்ற நினைத்திருந்தேன், விட்டுவிட்டேன். நேற்று இரவு டோர்ச் அடித்துப் பார்த்தேன். வலது விளக்கில் மங்கல் முழுவதும் வெளியே. நகத்தால் சுரண்டினால் பூச்சு தோல் போல உரிகிறது. இடது விளக்கு உட்பக்கமும் மஞ்சள், பொடிப்பொடியாக வெடிப்பும் இருக்கிறது.

பெயின்ற் வேலைத் தம்பி:
இடது விளக்கில் நான் தோற்றேன் அண்ணா. உட்பக்கத்து மஞ்சளை எந்த வோட்டர் பேப்பரும் எடுக்காது. அதை மாற்றத்தான் வேண்டும். வலதைத் தேய்க்கலாம், ஆனால் இந்தக் கார்த்திகை மழையில் வேண்டாம். ஈரக்காற்றில் கிளியர் வெளுத்துப் புகை பூத்துவிடும். பொங்கலுக்குப் பிறகு வெயில் பார்த்துச் செய்யுங்கள். அதற்கு முன் நம் கிணற்றுத் தண்ணீரை முகப்பில் காயவிடாதீர்கள், சுண்ணாம்புக் கறை பிடிக்கும். காரைக் கிடுகுக் கொட்டிலுக்குள் விடுங்கள்.

சுன்னாகம் வாசி:
ஒற்றை விளக்கும் பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். வாங்கும்போது பின்னாலுள்ள பிடிகாதுகள் உடைந்து ஒட்டியவையா என்று விரலால் தடவிப் பாருங்கள். வலதையும் மாற்றுவதே நல்லது என்று இன்னும் சொல்வேன், ஆனால் அது உங்கள் பணம். பூட்டிய பிறகு இரவில் சமதரையில் மதிலைப் பார்த்துக் காரை நிறுத்தி, இரண்டு வெளிச்சமும் ஒரே உயரத்தில் விழுகிறதா என்று சரிபார்த்துவிட்டே ஆனையிறவுப் பக்கம் போங்கள்.