லூயிஸ் மல்லார்ட் எதற்குச் சந்தோஷப்பட்டாள்?

மழைக்கண்:
அமெரிக்க எழுத்தாளர் கேட் ஷோப்பான் 1894-ல் எழுதிய ‘ஒரு மணி நேரத்தின் கதை’யை நேற்று மறுபடி படித்தேன். ஆயிரம் வார்த்தைதான் இருக்கும். படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். லூயிஸ் மல்லார்டுக்கு இதய நோய். ரயில் விபத்தில் கணவன் போய்விட்டான் என்று தந்தி வர, சகோதரி அதைப் பக்குவமாகச் சொல்கிறாள். லூயிஸ் அழுது தீர்க்கிறாள். பிறகு தனியாக அறைக்குள் போய், திறந்த ஜன்னலுக்கு எதிரே நாற்காலியில் உட்காருகிறாள். அங்கே அவளுக்குள் ஏதோ ஒன்று ஏறி வருகிறது. முதலில் பயப்படுகிறாள், தள்ளப் பார்க்கிறாள். கடைசியில் வாய் தானாக முணுமுணுக்கிறது: விடுதலை, விடுதலை. கீழே இறங்கி வரும் நேரத்தில் கணவன் பையும் குடையுமாகச் சாவி போட்டுக் கதவைத் திறந்துகொண்டு வருகிறான். விபத்து நடந்ததே அவனுக்குத் தெரியாது. அவள் செத்துப்போகிறாள். சந்தோஷத்தில் இதயம் நின்றுவிட்டது என்கிறார்கள் டாக்டர்கள்.

என் கட்சி இதுதான்: இது அந்தக் கணவனுக்கு எதிரான கதை இல்லை. கல்யாணம் என்ற ஏற்பாட்டுக்கே எதிரான கதை.

பழைய வாசகன்:
நான் இதைச் சுயநலத்தின் கதை என்பேன். பிரெண்ட்லி மல்லார்ட் என்ன தப்பு செய்தான்? அவளை அன்போடு தவிர வேறு மாதிரி பார்த்ததே இல்லாத முகம் என்று கதையிலேயே வருகிறது. குடித்தானா, அடித்தானா? ஒன்றும் இல்லை. அவனுக்குக் கதையில் ஒரு வரி பேச்சுகூடக் கிடையாது. கூண்டில் ஆளே இல்லாமல் தீர்ப்பு எழுதியது போல இருக்கிறது.

மழைக்கண்:
ஐயா, நீங்கள் குற்றமாகச் சொல்வதைத்தான் நான் கதையின் பலம் என்கிறேன். அவன் அடிப்பவனாக இருந்திருந்தால் ‘சனியன் விட்டது’ என்று புத்தகத்தை மூடிவிட்டுப் போயிருப்போம். நல்லவனைக் கணவனாக வைத்ததால்தான் நூற்றிமுப்பது வருஷம் கழித்தும் சண்டை போடுகிறோம். ஜன்னலோரம் அவள் யோசிக்கிற இடத்தைத் திரும்பப் படியுங்கள். இன்னொரு மனித உயிர் மீது தன் விருப்பத்தைத் திணிக்கத் தனக்கு உரிமை உண்டென்று நம்புகிறவர்கள் ‘ஆண்களும் பெண்களும்’ என்றுதான் எழுதியிருக்கிறார். ஆண்களை மட்டும் சொல்லவில்லை. நல்ல எண்ணத்தோடு செய்தாலும் அது குற்றம்தான் என்றும் அவளுக்குத் தோன்றுகிறது. அப்படியானால் கூண்டில் நிற்பது பிரெண்ட்லி இல்லை.

கடைசிபெஞ்ச்:
குறுக்கே ஒரு சின்ன விஷயம். பெயர்களைக் கவனித்தீர்களா? ஆரம்பத்தில் அவள் ‘மிஸஸ் மல்லார்ட்’. பிறகு வெறும் ‘அவள்’. விடுதலையை உணர்ந்த பிறகுதான் கதவுக்கு வெளியே இருந்து சகோதரி ‘லூயிஸ்’ என்று கூப்பிடுகிறாள், அப்போதுதான் நமக்கே அவள் பெயர் தெரிகிறது. கணவன் உள்ளே வந்ததும் அவனுடைய நண்பர் பாய்ந்து அவனை மறைக்கிறார். யார் கண்ணிலிருந்து? ‘மனைவி’யின் கண்ணிலிருந்து. அத்தோடு லூயிஸ் முடிந்தாள். டாக்டர்கள் வருவதற்கு முன்பே!

பழைய வாசகன்:
பெயர் விஷயம் நன்றாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எழுதியவரே உங்கள் கட்சி இல்லையே. ஷோப்பானின் கணவர் 1882-ல் கடனை வைத்துவிட்டு இறந்தார். ஆறு குழந்தைகள். லூசியானாவில் கணவர் நடத்திய கடையைக் கொஞ்ச காலம் இவரே பார்த்துக்கொண்டார், பிறகு செயின்ட் லூயிஸுக்குத் தாய் வீட்டுக்குத் திரும்பினார். அந்தத் தாயும் அடுத்த வருஷமே போய்விட்டார். இந்தக் கதையை எழுதியது ஏப்ரல் 1894. மே மாதம் நாட்குறிப்பில் என்ன எழுதுகிறார் தெரியுமா? கணவரும் அம்மாவும் திரும்பி வரமுடியுமானால், அவர்கள் போன பின் கிடைத்த அத்தனையையும் தயங்காமல் விட்டுவிட்டு அவர்களோடு சேர்ந்துகொள்வேன் என்று. கல்யாணத்தை வெறுத்தவர் எழுதுகிற வரியா இது?

நிலா:
சார், அடுத்த வரியை ஏன் விட்டுவிட்டீர்கள்? அப்படிச் சேர்ந்துகொள்வதானால் கடந்த பத்து வருஷத்து வளர்ச்சியை, தன் உண்மையான வளர்ச்சியை, மறந்தாக வேண்டும் என்றும் அதே இடத்தில் எழுதியிருக்கிறார். ‘உண்மையான’ என்பது அவர் போட்ட சொல். கணவரை நேசித்திருக்கிறார், அவர் போன பிறகுதான் வளர்ந்தும் இருக்கிறார். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கக்கூடாதா? லூயிஸும் அப்படித்தானே. அவனை நேசித்தாள், சில சமயம். பல சமயம் இல்லை. இதைவிட நேர்மையாக ஒரு கல்யாணத்தைப் பற்றிச் சொல்லிவிட முடியுமா என்ன?

இன்னொன்றும் சொல்லவேண்டும். எனக்கு இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் கு.ப.ரா.வின் (கு.ப. ராஜகோபாலன்) ‘விடியுமா?’ கதை ஞாபகம் வரும். அங்கேயும் தந்தி, அங்கேயும் ரயில். ‘சிவராமையர் டேஞ்சரஸ்’ என்று இரண்டே வார்த்தை. அவர் மனைவி குஞ்சம்மாள் கும்பகோணத்திலிருந்து ராத்திரி ரயிலில் சென்னைக்குப் போகிறாள். இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத அந்த ராத்திரி முழுக்கத்தான் கதை. காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனால் எல்லாம் முடிந்திருக்கிறது, பயமும் அதோடு முடிகிறது. ‘விடிந்தது’ என்ற சொல் அங்கே சும்மா பொழுதை மட்டும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

பழைய வாசகன்:
அப்படிக் கேளுங்கள்! கு.ப.ரா. அந்தச் சொல்லுக்கு மேலே ஒரு அடி போகவில்லை. அவளுக்கு நிம்மதியா, துக்கமா, நம் ஊகத்துக்கு விட்டுவிட்டார். ஷோப்பான் மாதிரி வெற்றித் தேவதை போல மாடிப்படி இறங்க வைக்கவில்லை. அடக்கம் என்றால் அது.

நிலா:
அடக்கமா, அனுமதி இல்லையா? அந்தக் கதையைச் சொல்வது குஞ்சம்மாளின் உடன்பிறந்தவன். ராத்திரி பூரா எதிரே உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்க்கிறான், உள்ளே போக அவனுக்கு வழியில்லை. லூயிஸுக்குத் தாழிட ஒரு அறை இருந்தது. குஞ்சம்மாளுக்கு மூன்றாம் மனிதர்கள் நிறைந்த ரயில் பெட்டி. தனியாக ஒரு மணி நேரம் கிடைத்திருந்தால் அவள் என்ன முணுமுணுத்திருப்பாள்?

பழைய வாசகன்:
ஆண் எழுத்தாளன் உள்ளே போய்வந்தது போல நடிக்காமல் வாசலிலேயே நின்றான் என்றும் சொல்லலாம். அதுவும் ஒரு மரியாதைதான், நிலா.

நிலா:
அது சரிதான். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

கடைசிபெஞ்ச்:
ஜெயகாந்தனின் ‘யுகசந்தி’யை யாரும் எடுக்கவில்லையே? அங்கே விதவையான பேத்தி கீதாவுக்கு விடுதலை என்பதே இன்னொரு கல்யாணம். அம்மா அப்பா தலையில் கை வைத்து உட்கார, மொட்டைத்தலைக் கௌரிப் பாட்டி மூட்டையைக் கட்டிக்கொண்டு பேத்தி பக்கம் போய்விடுகிறாள். மழைக்கண் சொல்வது போலக் கல்யாணமே சிறை என்றால் கீதாவை எங்கே வைப்பது?

மழைக்கண்:
நல்ல கேள்வி. முதல் பதிவில் கொஞ்சம் அதிகமாகத்தான் சொல்லிவிட்டேன். கீதா யாரையும் கேட்காமல் முடிவெடுத்துவிட்டு, கடிதத்தில் தெரிவிக்கிறாள். லூயிஸுக்கு எந்த முடிவும் எடுக்கக் கிடைக்கவில்லை, விபத்து வந்து எடுத்துக் கொடுத்தது, கதவுச் சாவி வந்து பிடுங்கிக்கொண்டது. கல்யாணம் வேண்டுமா வேண்டாமா என்பதைவிட, யார் முடிவு என்பதுதான் விஷயம் போல.

கதைக்கு வெளியே ஒன்று. என் பெரியம்மா, பெரியப்பா போன மூன்றாம் மாதம், கட்டிலை ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் போட்டார். நாற்பது வருஷம் அது சுவரைப் பார்த்துக் கிடந்தது. பெரியப்பா தங்கமான மனிதர். வெளிச்சம் கண்ணில் பட்டால் தூக்கம் வராது அவருக்கு. அவ்வளவுதான். பெரியம்மா அவரை நினைத்து இன்றும் அழுவார். கட்டிலைத் திருப்பி வைக்கவே இல்லை.

பழைய வாசகன்:
பெரியம்மா கட்டிலைப் பற்றிப் படித்துவிட்டு, எங்கள் படுக்கை அறையில் விளக்கு சுவிட்ச் யார் பக்கம் இருக்கிறது என்று போய்ப் பார்த்தேன். என் பக்கம்.

ஆனாலும் பிரெண்ட்லிக்கு ஒரு வரி பேசக் கொடுத்திருக்கலாம். அதில் மாறமாட்டேன்.