பாரைக் கண்டுபிடித்தது யார்?

நீரோடிக்காரன்:
நேற்று அலைமகன் எழுதியிருந்தார்: நம் கடலடியில் மீன் கூடும் திட்டுகளான பார்களை, மூச்சுக்கருவி மாட்டி மூழ்கும் ஸ்கூபா ஆட்கள்தான் கண்டுபிடித்தார்களாம், மீனவனுக்கு மேலே மிதக்க மட்டும்தான் தெரியுமாம். வயிறு எரிகிறது. கேரள எல்லையில் பொழியூரிலிருந்து குமரி மாவட்டத்து இரயுமன்துறை வரை பார்களுக்குப் பெயர் வைத்தது யார்? கோயில் கோபுரத்தையும் அதற்குப் பின்னால் தெரியும் மலையையும் ஒரே கோட்டில் பிடித்து, பக்கவாட்டில் இன்னொரு ஜோடி அடையாளம் பிடித்து, இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் கட்டுமரத்தை நிறுத்தித் தூண்டில் இறக்குவார் என் தாத்தா. இப்படி இடம் பிடிப்பதைத்தான் கணிச்சம் என்போம். இதுவா மிதப்பது?

அலைமகன்:
அண்ணே, மீன் கடிக்கிற இடம் தெரிவது வேறு, பாரைப் பார்ப்பது வேறு. அதன் மேல் என்ன வளர்கிறது என்று தாத்தா பார்த்தாரா? பார்த்தவன்தான் கண்டுபிடித்தவன்.

களியக்காவிளை டீச்சர்:
பார் என்று நீங்கள் இருவரும் சொல்வது வெறும் பாறைத்திட்டா, பவளம் வளர்ந்து கட்டிய திட்டா? அதை முதலில் சொல்லுங்களேன்.

நீரோடிக்காரன்:
டீச்சர், அது அப்புறம். "பார்த்தவன்தான்" என்கிறாரே, ஈயக்குண்டு தட்டுகிற தட்டிலேயே அடியில் மணலா, சேறா, பாரா என்று கை சொல்லிவிடும். கண்டுபிடித்தது தாத்தாதான்.

முத்துநகர்:
தாத்தா பெருமை போதும். எங்கள் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டியே விலாங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டும் கடலுக்குள் போயின. 1986இல் தேசியப் பூங்கா என்று அறிவிக்க வேண்டி வந்தது. வெட்டியதும் கடலோரத்து ஆட்கள்தானே?

நீரோடிக்காரன்:
வெட்டியவன் கூலிக்காரன், வாங்கிச் சூளையில் போட்டவன் யார்? அதையும் எழுதுங்கள். கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடி வலை போட்டுப் பாரைச் சுரண்டுகிறவர்களையும் எழுதுங்கள். கணிச்சத்தை நாங்கள் வெளியே சொல்லாததற்குக் காரணமே அவர்கள்தான். அப்பா ஒருவரை நம்பிக் காட்டிய இடம் ஜிபிஎஸ்ஸில் ஏறி எல்லாப் படகுக்கும் போய்விட்டது. இன்று அந்தப் பாரில் ஒரு கலவா மீன் கிடையாது.

முத்துநகர்:
இழுவைமடிக்கு நானா சொந்தக்காரன்? என்னிடம் ஏன் பாய்கிறீர்கள்?

அலைமகன்:
ஒளித்து வைத்த அறிவு யாருக்கு உதவும்? வரைபடத்தில் ஏறினால்தானே பாரைக் காப்பாற்றுங்கள் என்று அரசிடம் கேட்க முடியும்?

நீரோடிக்காரன்:
சரி தம்பி, போன வருடம் எங்கள் வள்ளத்தில் ஏறி வந்துதானே குதித்தீர்கள்? இடத்தைக் காட்டியது யார்? படம் போட்டபோது என் அப்பா பெயரை ஏன் விட்டீர்கள்?

அலைமகன்:
டீசலுக்குப் பணம் கொடுத்தேனே.

நீரோடிக்காரன்:
டீசலுக்குக் கொடுத்தீர்கள். கணிச்சத்துக்கு?

களியக்காவிளை டீச்சர்:
என் கேள்வி அப்படியே நிற்கிறது.

நீரோடிக்காரன்:
நிற்கட்டும் டீச்சர். ஞாயிறு நாங்கள் கடலுக்குப் போவதில்லை. திங்கள் விடியற்காலை அலைமகன் வரட்டும், ஜிபிஎஸ்ஸைக் கரையில் வைத்துவிட்டு ஒரே ஒரு பாரைக் காட்டட்டும்.

அலைமகன்:
வருகிறேன். நீங்களும் தண்ணீருக்குள் இறங்க வேண்டும். பார்த்தவன்தான் கண்டுபிடித்தவன்.