ராஜ்தூத் 350: பழைய எஞ்சினையே சரிசெய்யவா, மாற்றவா?

கேள்வி (தர்மபுரி):
அப்பா ஓட்டிய 1985 பைக், இரண்டு சிலிண்டர் வண்டி. சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் இடது சிலிண்டர் ஜாம் ஆகிவிட்டது (உள்ளே பிஸ்டன் இறுகி நின்றுவிட்டது). கிளட்சைப் பிடித்ததால் பிழைத்தேன். பிஸ்டனில் நகத்தால் கீறியது போல நான்கு கோடுகள். வேறு எஞ்சின் போடச் சொல்கிறார் மெக்கானிக். என்ன செய்யலாம் அண்ணா?

பதில் (கிருஷ்ணகிரி):
தம்பி, அவசரப்படாதீங்க. ஆர்.சி.யில் உள்ள எண்ணோடு எஞ்சின் எண் பொருந்துவதுதான் மதிப்பே. மாற்றினால் ஆர்.டி.ஓ.வில் பதிய வேண்டும், அந்த அலைச்சல் வேறு. முதலில் எஞ்சினுக்கு ஆயில் அனுப்பும் பம்ப்பையும், கிராங்க் தண்டின் ஓரத்தில் காற்று புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான கிராங்க் சீலையும் பாருங்கள். சீல் கசிந்தால் காற்று புகுந்து கலவையில் பெட்ரோல் குறையும், பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். அதை விட்டுவிட்டு போரிங் (சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து சற்றுப் பெரிய பிஸ்டன் போடுவது) மட்டும் செய்தால் மறுபடி ஜாம்தான்.

பதில் (ஓசூர்):
போரிங் என்றால் இரண்டு சிலிண்டரையும் ஒரே அளவுக்குச் செய்யுங்க.

கேட்டவர்:
பார்த்தேன் அண்ணா. பம்ப் கேபிள் தொளதொளவென்று கிடந்தது, அதனால்தான் ஆயில் சரியாகப் போகவில்லை. எஞ்சினை மாற்றவில்லை. நாளைக்கு போரிங் செய்ய லேத் பட்டறை.