1911 பிஸ்டலுக்குப் புது புஷிங் (குழல்வாயைச் சுற்றிப் பிடிக்கும் வளையம்) போட்டவர்கள், பட்ட பாட்டைச் சொல்லுங்கள்

வால்நட்_கைப்பிடி:
ஐந்து அங்குலக் குழல், .45 காலிபர். 1980-களில் ஓஹியோவில் ஒரு கைத்தேர்ந்தவர் இழைத்து இழைத்துச் செப்பனிட்ட பிஸ்டல். இரண்டு கை மாறி என்னிடம் வந்தது. துடைக்கும்போது பார்த்தால் புஷிங்கின் உட்துளை வட்டமாகவே இல்லை. பின்விளிம்பில், அடிப்பக்கம், பிறை வடிவில் தேய்ந்து கிடந்தது. முன்பு வைத்திருந்தவர் முரட்டுத்தனமாகப் புழங்கியிருக்கிறார் என்று நினைத்து, போட்டித் துப்பாக்கிகளுக்கான இறுக்கமான புது மேட்ச் புஷிங் வரவழைத்தேன். வெளிவிட்டம் பெரிதாகத்தான் வரும், தெரியும். 400 எமரித் தாளில் இரண்டு மாலை தேய்த்து ஸ்லைடுக்குள் (சுடும்போது பின்னால் ஓடித் திரும்பும் மேற்பகுதி) இறக்கினேன். குழலைப் பிடித்த பிடியில் மயிரிழை ஆட்டம் இல்லை. ஒரே பெருமை.

25 கெஜத்தில் குண்டுகள் ஒன்றன் தலையில் ஒன்றாக ஏணிப்படிபோல் விழுந்தன. வீட்டுக்கு வந்து ஸ்லைடைத் தனியே கழற்றி, ஸ்பிரிங் இல்லாமல், குழலைப் பூட்டு நிலையில், அதாவது சுடும் கணத்தில் ஸ்லைடோடு கோத்து நிற்கும் நிலையில், நிறுத்திப் பின்முனையைக் கட்டைவிரலால் அழுத்தினேன். விரலை எடுத்ததும் 'டக்'கென்று தானே மேலே துள்ளியது, தரையில் போட்ட கெண்டைமீன் மாதிரி. அந்தத் துள்ளல்தான் இன்னும் உறுத்துகிறது.

கேரேஜ்_மேசை:
என் கதை வேறு. விரல்களாகப் பிளந்த பழைய வகை புஷிங். ஒரு விரல் முறிந்து ஸ்லைடுக்குள் கிடந்தது. அதை மாற்றும் அவசரத்தில் ஸ்பிரிங் மூடியைக் கையால் பொத்தாமல் புஷிங்கைத் திருப்பிவிட்டேன். மூடி பறந்து குழல்விளக்கை உடைத்தது. மேசை முழுக்கக் கண்ணாடித் தூள், மனைவி வாசலில் துடைப்பத்துடன். ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

ஓய்வுபெற்ற_கடைசல்காரன்:
வால்நட் தம்பி, சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். நீங்கள் பார்த்தது தேய்மானம் அல்ல, வேலைப்பாடு. பூட்டு விடும்போது குழலின் பின்முனை இறங்குகிறது, வாய் மேலே தூக்குகிறது. அந்தச் சாய்வுக்கு புஷிங்குக்குள் இடம் வேண்டும்: பின்னால் அடியில் கொஞ்சம், முன்னால் உச்சியில் கொஞ்சம். இடம் இல்லையென்றால் குழலே வில்லாக வளையும். உங்கள் 'டக்' அதுதான். அப்படியே சுட்டுக்கொண்டிருந்தால் புஷிங் உடையும், குழலின் அடியில் துருத்தி நிற்கும் காதும் விரிசல் விடும். குழல்வாய்க்கும் புஷிங்குக்கும் ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குல இடைவெளி போதும். ஆனால் அது பூட்டிய நிலைக்கு மட்டும். நல்ல குழல்களில் நுனி மட்டும் சற்றுப் பருத்திருப்பது எதற்காக? ஸ்லைடு பின்னால் போனதும் பிடி தளரத்தான். இனி எமரியைத் தொடும் முன் மார்க்கர் மையைப் பூசுங்கள், பூட்டி இறக்குங்கள், மை அழிந்த இடத்தை மட்டும் தொடுங்கள். தொட்டுத் தொட்டுப் பாருங்கள். அரைத்த இரும்பு திரும்பி வராது. சுத்தியலும் வேண்டாம், நைலான் தலை வைத்ததாக இருந்தாலும். மைக்ரோமீட்டர் இல்லாமல் ஏன் தொடங்கினீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை.

(என் அனுபவமா? ஒருமுறை நானும் கெடுத்தேன். அதை எழுத இன்னும் மனம் வரவில்லை.)

பத்து_கெஜம்:
கடைசல்காரர் ஐயா, தம்பி சுத்தியலைப் பற்றிப் பேசவே இல்லையே! இரண்டு உலகப் போர்களில் ராணுவம் கொடுத்தவை கையில் எடுத்துக் குலுக்கினால் கடகடக்கும், சேற்றிலும் சுட்டன. எனது தளர்ந்த புஷிங்தான், ரெஞ்சே வேண்டாம், விரலாலேயே திரும்பும். ஒருநாள்கூட அடைத்ததில்லை.

ஓய்வுபெற்ற_கடைசல்காரன்:
சுடும், யார் இல்லை என்றார்கள்? 50 கெஜத்தில் ஒற்றைக் கையால் புல்ஸ்ஐ என்ற குறிபார்த்துச் சுடும் போட்டியில் சுட்டுவிட்டு வந்து பேசுங்கள். தம்பி, அந்தப் பழைய புஷிங்கைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். புதியதில் எங்கே எவ்வளவு எடுக்க வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல அளவுகோல் கிடைக்காது.

வால்நட்_கைப்பிடி:
எண்ணெய்த் துணியில் சுற்றிக் குப்பையில் போட்டேன், ஐயா. செவ்வாய்க்கிழமை வண்டி வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது.