புதுப்பிப்பு: வெளிச்சம் குறைந்த உவர்நீர் தொட்டியில் செடிகள் (புதுச்சேரி)

என் உவர்நீர் (லேசா உப்புக் கலந்த தண்ணி) மீன் தொட்டியில் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன்னு ரெண்டு நீர்ச்செடி இருக்கு. அனுபியாஸ் அழுகுது, ஜாவா ஃபெர்ன் இலையில் கருப்புப் புள்ளி வருதுன்னு போன பதிவில் எழுதியிருந்தேன். தொட்டி 60 லிட்டர்.

அழுகலுக்குக் காரணம் உப்பு இல்லை, மணல். அனுபியாஸின் கிடைத்தண்டை (வேரும் இலையும் முளைக்கும் படுக்கைத் தண்டு) மணலில் புதைத்தால் அது கொழகொழன்னு ஆகி நாறும். அழுகின பகுதியைப் பச்சைச் சதை தெரியும்வரை வெட்டிட்டு, மிச்சத்தை நைலான் நூலால் கல்லில் கட்டணும். வேர் மட்டும் மணலுக்குள் போகலாம்.

ஃபெர்ன் இலையைத் திருப்பிப் பாருங்க. அடியில் வரிசையா பழுப்புப் பொட்டு இருந்தா அது வித்துக்கூடு (ஃபெர்ன் இனம் பெருக்கும் வித்து இருக்கும் இடம்), நோய் இல்லை, பிய்க்க வேண்டாம். முதிர்ந்த இலையில் ஊசித்துளை விழுந்தால் பெரும்பாலும் பொட்டாசியம் குறைவு.

உப்பு: கடல்மீன் தொட்டிக்கான உப்பு மட்டும், சமையல் உப்பு கூடாது. அடர்த்தி எண் (நல்ல தண்ணியை 1.000ன்னு வெச்சு உப்புத்தண்ணியின் அடர்த்தியைச் சொல்லும் எண்) 1.003க்கு லிட்டருக்கு சுமார் 4-5 கிராம். வாரம் 0.001க்கு மேல் ஏற்றாதீங்க, 1.005ஐத் தாண்டினால் இந்தச் செடிகள் திணறும். நம்ம ஊர் வெயிலில் தண்ணி சீக்கிரம் ஆவியாகும், உப்பு அப்படியே தங்கும். அதனால் ஆவியாகிக் குறைந்த தண்ணிக்குப் பதிலா குளோரின் நீக்கிய நல்ல தண்ணி மட்டும் ஊத்துங்க. இதில்தான் நிறைய பேர் தப்பு பண்றாங்க.

புதுச்சேரி சுண்ணாம்பாற்றுத் தண்ணியைத் தொட்டிக்கு எடுக்க வேண்டாம். ஓதத்துக்கு ஓதம் (கடல்நீர் ஏறி இறங்கும்போதெல்லாம்) உப்பு மாறும்.

விளக்கு தினமும் 10 மணி நேரம்னு போன பதிவில் எழுதியது தவறு. 6 மணி நேரம் போதும், மீறினால் இலையில் பாசி படியும்.